மேற்படி பிரஷ்

மதிப்பிற்குரிய திட்ட மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பெனித் தாளில் டைப் அடித்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. கட்டிய மனைவியை "மேற்படி நபர்" என்று எழுத எந்த வக்கீல் சொல்லிக்கொடுத்தான்? உங்கள் மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மேற்படி நபர்னா யாரும்மா?" என்று கேட்டாள். உங்க அப்பாவுக்கு எப்போதோ தெரிந்த யாரோ என்று சொல்லிவைத்தேன்.

காய்கறிச் சந்தைக்குப் பின்னால், அழுகிய காய்கறியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுக்க நாம் வைத்திருந்த அறையிலிருந்து எல்லா டிரம்களையும் லாரியில் ஏற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனீர்களே, இப்போது அழுகலைப் போட்டுக் கரண்ட் கொடுத்தும் ஒரு குமிழ்கூட வரவில்லையாமே! எப்படி வரும்? முதலாளி கண்ணுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, டிரம்களுக்குள் கரண்ட் பாயும் கார்பன் பிரஷ்களில் அப்பியிருந்த கொழகொழப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினீர்கள். அழுகலைத் தின்பதே அந்தக் கிருமிக் கூட்டம்தான், அது கொடுக்கும் கரண்டோடு நம் துளிக் கரண்டும் சேர்ந்தால்தான் ஹைட்ரஜன் வரும் என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடித்ததை நான் உங்களுக்கே பாடம் நடத்த வேண்டியிருந்தது. தலைபாடாக அடித்துக்கொண்டேன். "போனா போகுது, புதுசா வளர்த்துக்கலாம்" என்றீர்கள். அதை வளர்த்தெடுக்க ஒரு வருஷம் நாம் பட்ட பாடு சம்பளத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. என்னையும் அப்படித்தான் கழுவிவிட்டுப் போனீர்கள்.

உங்கள் கைக்கு ஒரே ஒரு பிரஷ் தப்பியது. அதை ஜாடியில் இறுக்கி மூடி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் உங்கள் மகள். துணி காயப்போடும் பால்கனியில், கரண்ட் கொடுத்து வைத்திருக்கிறோம். பசிக்காரன் என்று பேர் வைத்திருக்கிறாள். தட்டில் மிச்சம் வைத்ததை அரைத்துக் குழாய் வழியாக ஊட்டுகிறாள். முன்பல் விழுந்ததை என்னிடம் காட்டும் முன் அதனிடம் போய்க் காட்டினாள். குமிழ் கிளம்பினால் "அப்பா வேலை நடக்குது" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அவள் பள்ளிக்குப் போன பிறகு நான்தான் அதற்குக் காவல்.

மாதக் கடைசிக்குள் குமிழ் வராவிட்டால் திட்டத்தையும் உங்கள் வேலையையும் சேர்த்து மூடிவிடுவார்கள், ஆகவே மேற்படி பிரஷைப் பார்சலில் அனுப்பவும் என்று எழுதியிருக்கிறீர்கள். கெஞ்சுவதற்குக்கூட உங்களுக்குக் கம்பெனித் தாள் வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கப் பிரஷைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள். பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அனுப்ப மாட்டேன். ஜாடியை இறுக்கி மூடினால் பார்சலிலும் பத்திரமாக வந்துசேரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் நேரில் வந்து அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலிங் பெல் வேலை செய்யவில்லை, கதவைத் தட்டுங்கள். நான் திறக்க மாட்டேன், அவள் திறப்பாள். அவள் முன்னால் மட்டும் பசிக்காரனின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள்.

எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குப் பள்ளி இல்லை, நானும் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
மேற்படி நபர்