கழற்றாத கறுப்புக் கண்ணாடி

குருநகர்,
பங்குனி 18.

அன்பு மகன் டினேசுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சி ஜெனிசும் மாதாவின் துணையால் நல்ல சுகம், அந்தக் குளிரில் உன்னையும் அவவே காப்பாற்ற வேண்டுமென்று மன்றாடுகிறேன். போனில் நான் எதைச் சொன்னாலும் ஓம் ஓம் என்றுவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் சிமியோன் மாமா பிரான்சுக்கு மகளிடம் போகும்போது மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி. அப்பா வழமை போல விடிய முன்னம் தொழிலுக்குப் போகிறார், இந்த மாதம் நண்டு பரவாயில்லை, முழங்கால் நோவை மட்டும் எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்.

தங்கச்சியின் பள்ளிக்கூடக் கதையை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. பிழை என்னுடையது, அதனால் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்தே அவளுடைய கண் வெளிச்சத்தைத் தாங்காது, தூரத்தில் இருப்பதும் தெரியாது. பொழுதுபட்டால் ஒழுங்கையில் மற்றப் பிள்ளைகளை முந்தி ஓடுகிறவள், மத்தியானத்தில் வாசற்படியைக் காலால் தடவித்தான் இறங்குவாள். ஒப்பரேசனால் இது மாறாது, கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் நிழலும் இருந்தால் கிட்ட வைத்துப் படிப்பாள் என்று கண் டொக்டர் எழுதித் தந்தார். நீயும் கண்ணாடி செய்வித்து அனுப்பினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? டொக்டரின் கடிதத்தைக் காட்டினால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பெரிய ஆட்களுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்பது மரியாதையில்லை என்று கோயிலிலும் பள்ளிக்கூட வாசலிலும் அதைக் கழற்றி என் கைப்பைக்குள் வைத்துவிடுவேன். டீச்சரோ பாவம், கண் தெரியாத பிள்ளை என்று முன்வாங்கில் ஜன்னலோரம் இருத்தியிருக்கிறா. அந்த வெயிலில் இவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டே இரண்டு மாதம் இருந்திருக்கிறாள்.

மாசி கடைசியில் அதிபர் சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை என்றார். வீட்டில் பின்னேரங்களில் வாசிக்கிறாள், இங்கே பயப்படுகிறாள் என்று சொன்னேன். புத்தகத்தை நீட்டினார், இவள் கண்ணை மூடிக்கொண்டாள், கன்னமெல்லாம் கண்ணீர். இப்படியான பிள்ளைகளுக்கு வெளி மாவட்டத்தில் விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறது, வருகிற திங்கள் வந்து கையெழுத்து வையுங்கள் என்று சிஸ்டர் அன்பாகத்தான் சொன்னார். ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு நான் வீட்டில் இருந்து என்னவென்று சோறு தின்பது? அந்தக் கிழமை முழுவதும் அழுதேன்.

திங்கள் அப்பாவும் கடலுக்குப் போகாமல் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். சிஸ்டரின் அறை வாசலில் நான் வழமை போலக் கண்ணாடிக்குக் கையை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கொதி வந்து கையில் ஒரு தட்டும் தட்டினேன், அவள் அழவில்லை. "கழட்டமாட்டன் அம்மா. சிஸ்டரின்ரை முகத்தைப் பாக்கத்தானே போட்டிருக்கிறன்" என்றாள். சிஸ்டர் எழும்பி வந்து, ஏன் இதை முன்னம் போடவில்லை என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல், மரியாதையில்லை என்று அம்மா சொன்னவ என்று அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள். எனக்கு நிலம் பிளக்காதோ என்று இருந்தது. சிஸ்டர் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். மூக்கு முட்டப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதும் வாசித்தாள், ஒரே ஒரு இடத்தில்தான் தடக்குப்பட்டாள், பிறகு யாரும் சொல்லாமலே அடுத்த பக்கத்தையும் புரட்டினாள். சிஸ்டர் கையெழுத்துக் கடதாசியை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். அப்பா வெளியில் வந்து முகம் கழுவுகிற சாட்டில் பைப்படியில் கனநேரம் நின்றார்.

இப்போது டொக்டரின் கடிதம் சிஸ்டரிடம் இருக்கிறது, தங்கச்சி சுவரோரத்தில் தொப்பியோடு இருக்கிறாள், டீச்சர் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறா. போன கிழமை சொல்வதெழுதலில் பத்துக்கு ஒன்பது. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும், சந்தையில் மீன் வாங்க வந்த எல்லாருக்கும் சொன்னேன். ஞாயிறு பூசைக்கும் கண்ணாடியோடுதான் வந்தாள். பின்வாங்கில் ஒரு மனிசி, என்ன சினிமாப் படக்காரியோ என்று குசுகுசுத்தா. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஆனால் நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிவிட்டது.

பூசை முடிய மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். சொல்வழி கேட்கிற பிள்ளைகளைத் தா என்று கேட்டுத்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். அன்றைக்கு அவள் என் சொல்லைக் கேட்டிருந்தால் இன்றைக்கு அவளுடைய பாய் விரிக்க ஆளில்லாமல் சுருட்டியபடி கிடந்திருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, பூசையை விடாதே. ஆவணியில் உன் கலியாணத்துக்குப் பூக்கூடையோடு முன்னால் நடக்கப்போகிறவள் அவள்தான். படம் எடுக்கிறவனுக்கு இப்போதே சொல்லி வை, என் பிள்ளையிடம் கண்ணாடியைக் கழற்றச் சொல்ல இனி இந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வராது, எனக்கும்தான்.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் நடத்தட்டும்.

உன்னைப் பெற்றவள்,
கி. மார்கிரட்