அந்த வேஷத்துக்கு ஆள் இருக்கு

கதை சொல்லியே எங்கள் எல்லோரையும் கட்டிப்போட்ட என் சண்முகம் அண்ணனுக்கு,

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். ஏரிக்கு மேலே ஆடலூர் முதலாளி பிடித்துக் கொடுத்திருக்கும் பங்களாவில்தான் இருக்கிறோம். மூக்கு ஒழுகுகிறது, பசி பேயாய் எடுக்கிறது. சமைக்க வரும் பள்ளங்கி கிராமத்து அம்மாள் எதைச் செய்தாலும் அதில் ஒரு பிடி மலைப்பூண்டைத் தட்டிப் போட்டுவிடுகிறாள். மற்றபடி சௌக்கியம்.

ஆடியில் போனீர்கள், இப்போது ஐப்பசி. போன இடத்திலாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்களே. இந்திர சபையில் யாரோ ஒரு தேவரைப் பிடித்து உட்கார வைத்து, "கேளுங்க, சீன் ஒண்ணு" என்று ஆரம்பித்திருப்பீர்கள். அவரும் மயங்கிக் கால்ஷீட் கொடுத்திருப்பார்.

உங்கள் விலாசம் தெரியாததால் இதைப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களிடமே உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பழனி அடிவாரத்தில் விபூதியும் பஞ்சாமிர்தமும் விற்கிற கடைவீட்டுப் பிள்ளை நீங்கள். நாடகக் கம்பெனியோடு ஓடிப்போய், ராஜபார்ட் கட்டப் போகிறோம் என்று கனவு கண்டுகொண்டிருந்த வயதில் மகரக்கட்டு உடைந்து குரல் தகரமாகிவிட்டது. கம்பெனிக்காரர் உங்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அந்தக் கம்பெனியில் சின்னப் பெண்ணாகச் சேர்ந்த எனக்கும் நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள்.

அப்புறம் சென்னை. படம் எடுப்பவர்களுக்கும் நடிப்பவர்களுக்கும் கதை சொல்வதே உங்கள் சோலியாகிப் போனது. படம் வெளிவரும்போது மட்டும் 'கதை' என்று போடுகிற இடத்தில் வேறு யாராவது பெயர் இருக்கும். "பேரு கெடக்கு தாயி, சனம் கதையைத்தானே பாக்குது" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

கடைசியில் ஆடலூர் முதலாளி வந்தார். காப்பியும் மிளகும் போட்டுச் சம்பாதித்தவர், சினிமா விஷயத்தில் இன்னும் குழந்தை. "கதை சொல்றவரே டைரக்ட் பண்ணட்டுங்க" என்றார். முதல் முறையாக உங்கள் பெயர் திரையில் வரப் போகிறது என்று நான் பழனிக்கு முடி காணிக்கையெல்லாம் வேண்டிக்கொண்டேன். நீங்களோ எங்களிடம் கால்ஷீட் வாங்கிய கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். நல்ல மனுஷன் செய்கிற காரியமா இது?

போனதுதான் போனீர்கள், ஒரு வரி எழுதி வைத்தீர்களா? கேட்டால், "எழுதுனா ஆறிப்போகும் தாயி, வாயில இருக்குற வரைக்குந்தான் கதைக்குச் சூடு" என்பீர்கள். உங்கள் சூட்டை நம்பி நாங்கள் குளிரில் வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

எங்களைக் கூட்டி வந்தவர் முதலாளிதான். "கோமதியம்மா, அவரு எங்கிட்ட சொன்ன கதையில மயங்கித்தான் நான் எறங்குனேன். அந்தக் கதையை முழுசா யாராச்சும் சொல்லிட்டீங்கன்னா, டைரக்ஷன் சண்முகம்னே போட்டு, காமிராக்காரரை வச்சு எடுத்து முடிச்சிருவோம். சொல்ல ஆளில்லைன்னா என்னைய விட்ருங்க. மொளகுக்கொடி கெடக்கு, காடு கெடக்கு, நான் போயி அதைப் பாக்குறேன்" என்றார். நியாயமான பேச்சு. ஆகவே அவர், நான், கதாநாயகன் ஜெயவேலன், சிரிப்பு நடிகர் கொழுக்கட்டை கோபாலு என்று நாலு பேரும் மத்தியானச் சாப்பாடு முடிந்து கணப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். வெளியே பஞ்சுப் பொதி மாதிரி மேகம். ஏரி இருக்கிறதா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்றே தெரியவில்லை.

ஜெயவேலன் ஆரம்பித்தார். யாருமில்லாத இளைஞன் ஒருவன் எஸ்டேட்டு வேலைக்கு மலையேறி வருகிறான் என்று உருகி உருகிச் சொன்னார். நான் குறுக்கே புகுந்து, "சரி, உங்க அம்மா எப்ப வர்றா?" என்றேன்.

"அம்மாவா? நான் அநாதைக்கா. அநாதைன்னு சொல்லித்தானே அண்ணன் எங்கிட்ட கால்ஷீட்டே வாங்குனாரு!"

அக்காவாம். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் நரை முடி ஒட்டிக்கொண்டு அவருக்கு இரண்டு படத்தில் தாயாக நடித்ததிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறார். அது கிடக்கட்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நீங்கள் என்னிடம் சொன்ன கதையில் ஒரு தாய் ஓடிப்போன மகனைத் தேடி மலையேறுகிறாள். "இதுல ஹீரோவே நீதான் தாயி, ஜெயவேலன் சும்மா ஓரமா நிப்பான்" என்று சொன்னது நீங்களா, வேறு சண்முகமா?

நான் என் கதையைச் சொல்லி முடித்ததும் கொழுக்கட்டை தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப போலிச் சாமியாரு? பக்தகோடிங்கட்ட இருந்து தப்பிச்சு மலைக்கு ஓடி வர்ற சாமியாரைப் பத்தின படம்னுல்ல சொன்னாரு! கடைசியில சனம் பூரா கால்ல விழுகுது, நான் நின்னு அழுகுறேன். இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு பய அழுகுற சீன் குடுத்ததில்ல கோமதி. அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. நாங்கள் வழக்கம்போலச் சிரித்தோம்.

மிச்சமிருந்தது முதலாளி. வற்புறுத்தியதும் கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டு, "எங்கிட்ட சொன்னது ஒரு எஸ்டேட்டு மொதலாளி கதைங்க. பூராத்தையும் வித்துப்புட்டு எறங்கிரலாம்னு கடைசியாத் தோட்டத்தைப் பாக்க வர்றான். அந்த வேஷத்துக்கு நீங்களே பொருத்தமா இருப்பீங்கன்னும் சொன்னாரு" என்றார். காது வரைக்கும் சிவந்துவிட்டது அவருக்கு. கொழுக்கட்டை சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார்.

சிரிப்பு அடங்கியதும் சண்டை வந்தது. நாலு பேருக்கு நாலு படம், எதை எடுப்பது? தன் கதைதான் நிஜம் என்று ஜெயவேலன் எழுந்து நின்று கத்தினார். நானும் விடவில்லை. சாமி முன்னால் சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன். முதலாளி கணப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு வெள்ளனே நான் கெளம்பிர்றேங்க" என்றார். சத்தமே போடாமல் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உங்கள் பெயர் திரைக்கு வராமலே போய்விடும் என்பது அப்போது நிச்சயமாகிவிட்டது போலிருந்தது. உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

டீ வந்தது. சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்கலாம் என்று கொழுக்கட்டை தன் கதையிலிருந்து ஒரு துண்டை நடித்துக் காட்டினார். வத்தலக்குண்டில் சாமியார் பஸ் ஏறுகிறார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "சாமி, வாந்தி வந்தா சன்னலோரம் போங்க. முக்தி வந்தா எனக்குச் சொல்லுங்க, வண்டியை நிறுத்துறேன்" என்கிறான்.

"அட, அந்த டிரைவர் என் கதையில இருக்கானே!" என்றார் ஜெயவேலன். "'மேல யாரு இருக்கா?'ன்னு கேப்பான். 'யாருமில்ல'ன்னு நான் சொல்லுவேன். 'அப்ப எறங்கணும்னா எங்கிட்டச் சொல்லு, நானே வந்து ஏத்திக்கிறேன்'னுவான்."

என் கதையிலும் அவன் உண்டு. மேகம் மறைத்து வண்டியை வளைவில் நிறுத்திவிட்டு, தாய் குளிரில் நடுங்குவதைப் பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் தன் கம்பளியை எடுத்துப் போர்த்துகிறவன். முதலாளியும், "தோட்டத்தை வித்துட்டு எறங்குறவங்களை என் வண்டியில ஏத்த மாட்டேன்னு எங்கிட்டச் சொல்லுவானே" என்றார்.

ஒரே பஸ், அண்ணே! நாங்கள் நாலு பேரும் ஒரே பஸ்ஸில் வந்துகொண்டிருந்திருக்கிறோம், மேகத்தில் வண்டி நின்றுபோக, அவரவர் பாரத்தை அவரவர் சுமந்துகொண்டு. நீங்கள் ஒருத்தரையும் ஏமாற்றவில்லை. அவரவர் இருக்கையில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்து தெரிகிற கதையை அவரவருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஜெயவேலன் அங்கேயே சாப்பாட்டு அறை நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டார். அநாதைக்குப் பக்கத்தில் மகனைத் தேடுகிற தாய், அவளுக்குப் பின்னால் சாமியார், கடைசியில் முதலாளி. முதலாளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது ஓடும்ங்க, எடுத்துருவோம்" என்றார். உடனே பணம் போடுகிறவருக்குரிய கேள்வியையும் கேட்டார்: "ஆமா, டிரைவருக்கு யாரைப் போட்டிருக்காரு?"

எனக்கு நீங்கள் சொன்னது காதில் கேட்டது. நானும் உங்களிடம் அன்றைக்கு இதையே கேட்டேனே! வெற்றிலையை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த வேஷத்துக்கு ஆள் இருக்கு" என்றீர்கள். ஜெயவேலனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். கொழுக்கட்டையிடமும் அதேதான். அந்த ஆள் யாரென்று எங்களில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குரல் உடைந்த நாளிலிருந்து திரைக்குப் பின்னால் நின்றவருக்கு முன்னால் வர ஆசை இருக்காதா என்ன? எங்களிடம் கேட்க வெட்கமா அண்ணே?

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சற்று முன் வரை நான்தான் நாயகன் என்று மல்லுக்கட்டிய ஜெயவேலன், "அக்கா, அநாதை வேஷத்தை வேற யாருக்காச்சும் குடுங்க, எனக்கு டிரைவர் போதும்" என்றார். கொழுக்கட்டை தன் அழுகைக் காட்சியையே விட்டுத்தரத் துணிந்தார். முதலாளிக்கு நிஜமாகவே வண்டி ஓட்டத் தெரியுமாம், அது ஒரு தகுதியாம். ஒவ்வொருவராக முன் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார்கள். "ஏலே, வெரசா ஏறுங்கடா!" என்று தகரக் குரலில் அதட்டல், காதைக் குடைந்துகொண்டு பேசுவது, பேச்சுக்கு நடுவே வெற்றிலையைத் தேடித் தடவுவது. அச்சாக நீங்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது, நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்பது உறைத்தது. ஆடியில் அழாத அழுகையை அங்கே அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "உங்க மூணு பேருக்கும் இல்ல. நீங்க டிரைவரா நடிக்கல, அண்ணனா நடிக்கிறீங்க. படம் பாக்க வர்றவுகளுக்கு அண்ணனைத் தெரியாது, டிரைவரைத்தான் தெரியணும். அண்ணனைக் கண்ணாலகூடப் பாக்காத ஒரு ஆளைப் புடிக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆக, தையில் படப்பிடிப்பு. ஆள் தேடும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். திண்டுக்கல் பக்கம் நாடகம் போடுகிறவர்களைப் பார்க்க நாளைக்கே இறங்குகிறேன். உங்கள் வேஷத்தை எவனோ ஒருவன் தட்டிக்கொண்டு போவது உங்களுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போங்கள். நல்லவனாக, அந்தக் கம்பளியைப் போர்த்தும்போது தாயின் முகத்தைப் பார்க்காமல் போர்த்தத் தெரிந்தவனாகப் பிடிப்பேன். 'டைரக்ஷன்: சண்முகம்' என்ற எழுத்து திரையை விட்டுப் போகும்வரை நின்றுகொண்டே பார்ப்பேன். பின்னால் இருப்பவர்கள் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். இது பழனிமலை மேல் சத்தியம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு நடிக்க வராது அண்ணே. ஒரு படத்தில் வக்கீல் குமாஸ்தாவாக ஒரு வரி பேச நிறுத்தினார்களே, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நீங்கள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அந்த பஸ்ஸை நீங்கள் ஓட்டியிருந்தால் படப்பெட்டி ஒரு வாரத்துக்குள் தியேட்டரிலிருந்து திரும்பியிருக்கும். ஜெயவேலன் வேண்டாம் என்றிருப்பார், முதலாளி வேண்டாம் என்றிருப்பார். நான் உங்களைத்தான் போட்டிருப்பேன்.

உங்கள் வாயால் 'தாயி' என்று கேட்டே வளர்ந்த தங்கச்சி,
கோமதி