தபாலில் வந்த அழைப்பு

செய்யாறு
14.3.1988

மச்சான் லட்சுமணனுக்கு உலகநாதன் எழுதுவது. ஆவடி குவார்ட்டர்ஸில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே உன் அக்கா பார்வதம் உப்பில்லாத கஞ்சி ஊற்றியே என்னை வளர்க்கிறாள். மாங்காய் இந்த வருஷம் நல்ல பிடிப்பு. அதை விடு, எங்கேயோ போகிறேன்.

இருமினால் விலா இன்னும் வலிக்கிறது. நம் ஆவடி ஃபேக்டரி சைக்கிள் ஸ்டாண்டில் நான் மூச்சில்லாமல் விழுந்ததும், வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்களாம். சோடாவுக்கு ஒருத்தன் ஓடினானாம். நீதான் எல்லோரையும் தள்ளிவிட்டு, நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லையாம். ஃபேக்டரியிலிருந்து என்னைப் பார்க்க வந்த கஜபதி சொன்னான்: "உங்க ரெண்டு பேருக்கும் பேச்சில்லையா, பழி தீத்துக்கினு கீறான்னு அவன இஸ்த்துப் போட்டோம் மாமே. திரும்பி வந்து குந்திக்கினான்."

மகள் கஸ்தூரி காதுகுத்துக்கு அவளை உன் மடியில் வைக்காமல், வசதியான உறவுக்காரர் மடியில் வைத்தேன். அதிலிருந்துதானே பேச்சு நின்றது. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலையை நீ போட வேண்டும். உயிர் கொடுத்தவனுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

உன் மாமா
உலகநாதன்

ஆவடி
24.3.1988

மாமாவுக்கு வணக்கம். அழுத்துகிற அழுத்தில் விலா முறியலாம் என்று முதலுதவி வகுப்பிலேயே சொன்னார்கள். ஆறிவிடும். கஸ்தூரி கல்யாணச் சேதி சந்தோஷம்.

நான் வரவில்லை. அன்றைக்கு யார் விழுந்திருந்தாலும் அழுத்தியிருப்பேன். அதற்குக் கூலியாக மாலை வேண்டாம். மாமன் என்கிற உரிமை அவள் பிறந்த அன்றே எனக்கு வந்தது. தாய்மாமனைத் தட்டு வைத்து அழைப்பார்கள். தபாலில் அழைத்து நான் பார்த்ததில்லை.

லட்சுமணன்

செய்யாறு
31.3.1988

மச்சான், உன் கடிதத்தைப் பார்வதம் படித்துவிட்டு, "என் தம்பி கேக்கறது நியாயந்தானே" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பஸ் ஏறவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால்தான் தபால். அவருக்கு மருந்து தெரியும், முறை தெரியுமா?

வெற்றிலை, பாக்கு, வேட்டி எல்லாம் வாங்கியாயிற்று. சித்திரை பிறந்ததும் வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன். பூந்தமல்லியில் பஸ் மாற வேண்டும், கூட்டம் நெரிக்கும். பரவாயில்லை. கதவைத் திறந்தால் போதும்.

உலகநாதன்

ஆவடி
7.4.1988

மாமா, பஸ் ஏறாதீர்கள். தபாலை நம்பாமல் இதைக் கஜபதி கையில் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் குடும்பத்தோடு அங்கே வருகிறேன். நீங்கள் தட்டோடு வாசல்வரை வந்தால் போதும், அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

மெதுவாக நடந்து வாருங்கள். நான் நிற்கிறேன்.

லட்சுமணன்