நஜ்முவுக்கு அனுப்பும் அமெரிக்கச் சரித்திரம்

காஜா பெராங், மலாக்கா
1943 ஆகஸ்டு

அருமை மகள் நஜ்முன்னிசாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உன் உம்மாவும் உயிரோடும் திடத்தோடும் இருக்கிறோம், தைப்பிங்கில் நீயும் மருமகன் உமரும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். அரிசி கிடைப்பதில்லை, மரவள்ளிக்கிழங்கு தின்று உம்மா இளைத்துவிட்டாள், குரல் மட்டும் இளைக்கவில்லை.

நீ வீட்டில் வைத்துப் பாடம் சொல்லும் பிள்ளைகள், அமெரிக்கா ஒழிந்துபோனதாக ரேடியோவில் சொல்கிறார்களே நிஜமா என்று கேட்பதாகவும், அந்தத் தேசத்தின் இந்தக் காலத்துச் சரித்திரத்தைச் சுகமாகப் படிக்கும்படி சொல்லும் ஒரு புத்தகம் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தாய். இந்த நேரத்தில் இது எதற்கு என்று உம்மா கோபப்பட்டாள். இந்த நேரத்தில்தான் வேண்டும் என்றேன். நம் கடையில் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு நடுவே அப்படி மூன்று கிடந்தன, மூன்றையும் உட்கார்ந்து படித்தேன். ஒன்றில் ஒப்பந்தமும் சட்டமும் தவிர மனுஷரே இல்லை. இன்னொன்றில் எல்லா ஜனாதிபதியும் உத்தமர், எல்லாச் சண்டையும் நியாயம், அதற்கு ஜப்பான்காரன் பத்திரிகையே போதும். மூன்றாவதுதான் கதை மாதிரி ஓடுகிறது. ரயில் பாதை போட்ட கூலிகள், வங்கி மூடிப்போய் ரொட்டிக்கு வரிசையில் நின்ற குடும்பங்கள், அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் கறுப்பு மக்களுக்குச் செய்த அநியாயம், ஒன்றையும் மறைக்கவில்லை. தன் சர்க்காரையே திட்டி எழுதிய பிறகும், இதை எழுதிய அமெரிக்க மனுஷர் வேலை போகாமல் வாத்தியாராகவே இருந்திருக்கிறார், மகளே. நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் நமக்குத் தந்த சரித்திரத்தில் இப்படி ஒரு பக்கம் உண்டா?

மறுநாளே, எதிரி தேசத்துப் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு ஜப்பான் சிப்பாயும் மொழிபெயர்ப்பாளனும் கடைக்கு வந்தார்கள். பிடிக்காத இரண்டையும் பணிவாக நீட்டினேன். இவ்வளவுதானா என்றான் மொழிபெயர்ப்பாளன். இவ்வளவுதான் என்றேன். சிப்பாய் கன்னத்தில் ஓர் அறை விட்டான், கடைவாய்ப் பல் இன்னும் ஆடுகிறது. பிறகு அடுப்பங்கரைக்குள் நுழைந்தார்கள். உம்மா பலகையில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள், பலகைக்கு அடியில் அந்த மூன்றாவது புத்தகம். எழுந்திரு என்று மொழிபெயர்ப்பாளன் கத்தினான். கிடைத்த நாலு மீனையும் கெட்டுப்போக விடவா, உன் வீட்டில் அடுப்பு எரிவதில்லையா என்று கேட்டு, குடலை உருவி அவன் சப்பாத்துக் காலுக்குப் பக்கத்தில் போட்டாள். சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போக, இவனும் பின்னாலேயே போனான். அவள் மீதியையும் அறுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

தபாலை நம்ப முடியாது. தைப்பிங்குக்குக் கருவாடு ஏற்றிப்போகும் லாரிக்காரர் நல்லையா இதையும் புத்தகத்தையும் உன் கையில் தருவார். தெரியாமல் சுமக்க வைப்பது தகாது என்று அவரிடம் எல்லாம் சொன்னேன். கருவாட்டு மூட்டையைக் கிளற எந்தச் சிப்பாய்க்கும் மனசு வராது என்று சிரித்தார்.

ரொட்டி வரிசை அத்தியாயத்தை முதலில் வாசித்துக் காட்டு, அரிசிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு உடனே புரியும். கடினமான இடங்களைத் தமிழில் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் அஞ்சாத நெஞ்சையும் தரட்டும். மறந்துவிடாதே, யாராவது பிடித்துக் கேட்டால் உமரை இழுக்காதே, மலாக்காவிலிருந்து வாப்பா கொடுத்தனுப்பினார் என்று சொல். வரட்டும், பதில் சொல்ல நாங்கள் இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறோம்.

உன் வாப்பா
அப்துல் அஜீஸ்