பன்னிரண்டு பக்கமும் ஓர் ஈரத்துணியும்

மார்ச் 4

கடையில் மூன்றாவது வாஷிங் மெஷின் மறுபடி முறுக்கிக்கொண்டு நின்றது. இவர் பின்பக்கத்தைத் திறந்து என்னவோ செய்தார், ஓடியது. அதற்கு நாள் முழுக்க என்னிடம் பாராட்டு எதிர்பார்த்தார். சாயங்காலம்தான் கொடுத்தேன்.

மதியம் நர்ஸ் பெண் வந்தாள். அவள் யூனிஃபார்மை வாராவாரம் வெளுப்பது எங்கள் கடைதான். 29ஆம் தேதி அவளுக்குக் கல்யாணம். பெட்டியைத் திறந்து காட்டினாள். அவள் அம்மா தன் கல்யாணத்துக்குப் போட்ட கவுன், வெள்ளைப் பட்டு. மடிப்புக் கலையாமல் இருக்க இடுப்பில் குத்திய ஊசிகளை எடுக்காமலே முப்பது வருஷம் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வரிசையாக ஏழு துருப் புள்ளிகள்.

"அம்மா இருபதாம் தேதி வர்றாங்க ஆன்ட்டி. இதைப் பாத்தா உடைஞ்சு போயிடுவாங்க. அதுக்குள்ள போயிடுமா?"

"துருவெல்லாம் ஒரு கறையாம்மா? போயிடும், போ" என்று சொல்லி வாங்கி வைத்தேன். என் வாய் இருக்கிறதே!

மார்ச் 5

இவருக்கு இஸ்திரி, எனக்கு இன்டர்நெட். கடையில் அப்படித்தான் பிரித்துக்கொண்டிருக்கிறோம். எந்தக் கறை வந்தாலும் தேடிக் கண்டுபிடிப்பது நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"துருக் கறை எடுப்பது எப்படி" என்று போட்டுப் பன்னிரண்டு பக்கம் படித்தேன். பன்னிரண்டிலும் ஒரே வைத்தியம்: எலுமிச்சைச் சாறும் உப்பும் குழைத்துத் தடவி, பதினேழு நிமிடம் விட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் அலச வேண்டும். எந்தத் துணிக்கும் ஆகுமாம். பன்னிரண்டு பேர் சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும்?

இவரிடம் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பன்னெண்டு பேரும் செஞ்சு பாத்தாங்களா? இல்ல, ஒருத்தர் சொன்னதைப் பன்னெண்டு பேர் சொல்றாங்களா?" என்றார்.

மெஷின் ஒன்றை ஓட வைத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மார்ச் 6

கோபத்தோடு தேடினால் நன்றாகத்தான் வருகிறது. அந்த "பதினேழு நிமிடம்" உறுத்தியது. பதினைந்து இல்லை, இருபது இல்லை, அது என்ன கணக்கு? "கை பொறுக்கும் வெந்நீர்", "பதினேழு நிமிடம்" இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். அப்படிப் போட்டால் அதே சொற்கள் அப்படியே இருக்கும் பக்கங்கள் மட்டும்தான் வரும். வந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கினேன். போன வருஷம், நான்கு வருஷம் முன்னால், ஏழு, ஒன்பது...

எல்லாவற்றிலும் பழையது பதினோரு வருஷத்துக்கு முந்தையது. வீட்டுக் குறிப்புகளுக்கான ஒரு கேள்வி-பதில் தளம். எழுதியவர் பெயர்: ஈரத்துணி.

நான்தான் ஈரத்துணி.

மார்ச் 7

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 8

சொல்லிவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் பாவம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எல்லாம் ஞாபகம் வந்தது. கடை போடுவதற்கு முன்னால் நடந்தது. இவருடைய வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றில் துரு. எலுமிச்சையைத் தடவினேன், உடனே அக்கா போன் செய்தாள். பேசிவிட்டு வந்து பார்த்தால் கறை இல்லை. போன் பதினேழு நிமிடம் என்று காட்டியது, அதையே எழுதினேன். அக்கா ஐந்து நிமிடத்தில் வைத்திருந்தால் இன்றைக்கு ஊரெல்லாம் ஐந்து நிமிடம் ஊற வைத்துக்கொண்டிருக்கும்.

நான் எழுதியதில் "பருத்தி" தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்து எழுதியவர் "வெள்ளைத் துணி" ஆக்கினார். அவரைப் பார்த்து எழுதியவர் "எந்தத் துணியும்" ஆக்கினார். ஒரு பக்கத்தில் "நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள்" என்றே போட்டிருக்கிறது. நிபுணர்! பழைய நைட்டியோடு, தலைகூட வாராமல் உட்கார்ந்து எழுதிய நிபுணர்!

ஆனால் கவுன் பெட்டியில் இருக்கிறது. எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

மார்ச் 11

கேள்வியை மாற்றினேன். பழைய பட்டைக் கெடுத்துவிட்டால் யாருக்கு வேலை போகும்? அருங்காட்சியகக்காரர்களுக்கு. "பழைய பட்டு, ஊசித் துரு, பாதுகாப்பு" என்று போட்டுத் தேடினேன். ஒரு பக்கம் கிடைத்தது. எழுதியவர் பெயர், அவருடைய வேலை, தேதி, எந்தத் துணியில் செய்து பார்த்தார் என்பது எல்லாம் இருக்கிறது. கடைசியில் "எங்களுக்கு இன்னும் தெரியாதவை" என்று ஒரு பத்தி வேறு. பன்னிரண்டு பக்கத்தில் ஒருவருக்காவது தெரியாதது ஒன்று இருந்ததா?

ஒருவரை மட்டும் நம்பிக் கெட்டது போதும். ஒரு கல்லூரியின் ஜவுளித் துறைப் பக்கத்தையும் படித்தேன். சொந்தப் படங்கள், வேறு சொற்கள், அதே முடிவு: பழைய பட்டில் துரு என்றால் அவசரப்பட்டுக் கை வைக்காதே. அருங்காட்சியக அம்மாளுக்குக் கவுனைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 13

பதில் வந்துவிட்டது. துரு பட்டு இழையையே தின்றிருக்கும், கறையை எடுத்தால் துணியும் கூட வரலாம், வெளியே தெரியாத இடத்தில் சோதித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள், படத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது. அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

ஓர் ஊசியின் துரு உள்மடிப்புக்கும் பரவியிருந்தது. அங்கே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். நான்காவது நிமிடம் பஞ்சால் தொட்டேன். இழை விட்டுப் போய்விட்டது. மிளகு அளவு ஓட்டை. முன்பக்கம் செய்திருந்தால் ஏழு ஓட்டை! அந்தப் பெண் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

மார்ச் 14

நர்ஸ் பெண்ணை வரச் சொல்லி ஓட்டையையும் காட்டினேன். மறைப்பதற்கு மனசு வரவில்லை.

"நீங்கதானே போயிடும்னு சொன்னீங்க?"

"சொன்னேம்மா. தெரியாமலே சொல்லிட்டேன். என் தப்பு."

அவள் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். இவர்தான் மெதுவாக, "ஏழும் ஒரே வரிசையிலதானே இருக்கு? மேல ஒரு பட்டு நாடா சுத்தி வந்தா?" என்றார். அவள் இடுப்பில் கை வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். சரி என்றாள். புள்ளிகளில் ஊசி படாமல் பக்கத் தையல்களில் மட்டும் பிடித்து இவரே தைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு பட்டன் தைத்துக் கொடுத்ததில்லை.

மார்ச் 16

பழைய தளத்துக்குள் நுழைய அரை நாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. "உங்கள் நெருங்கிய தோழி யார்?" என்று கேட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எவளோடு பேசிக்கொண்டிருந்தேன்? மூன்றாவது பெயர்தான் திறந்தது. இப்போது அவளோடு பேச்சே இல்லை.

குறிப்பின் தலையிலேயே எழுதினேன்: "இதை எழுதியவள் நான். ஒரே ஒரு முறை, ஒரு பருத்திச் சட்டையில் மட்டும் செய்தேன். பதினேழு நிமிடத்துக்குக் காரணம் கிடையாது, போன் பேசிக்கொண்டிருந்தேன். பழைய பட்டில் செய்யாதீர்கள். நான் செய்து ஓட்டை விழுந்தது." கீழே அந்த இரண்டு பக்கங்களின் முகவரியும் கொடுத்தேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்கும் கடிதம் போட்டேன்.

எழுதி முடித்ததும் நன்றாகப் பசித்தது.

மார்ச் 19

இரண்டு பேர் திருத்திவிட்டார்கள். ஒருவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு "நிபுணர்கள்" என்பதை "முன்னணி நிபுணர்கள்" ஆக்கியிருக்கிறார். எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

மார்ச் 22

அம்மா வந்துவிட்டார்களாம். நர்ஸ் பெண் போனில் சொன்னாள். நாடாவைப் பார்த்துவிட்டு, "இது என் கவுனே இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். எனக்கு வருத்தமாக இருந்தது. இவருக்கு அதைவிட.

ஏப்ரல் 2

இன்று நர்ஸ் பெண்ணின் அம்மாவே கவுனை வெளுக்கக் கொண்டுவந்தார். கல்யாணம் நன்றாக நடந்ததாம். கவுனை மேஜைமேல் விரித்தார். நாடா அப்படியே இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க, கறையில கை வைக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதை நான் நம்பலை. வேலைக்குச் சோம்பல்பட்டுச் சொல்றீங்கன்னு நெனச்சேன். கல்யாணத்துக்கு மொத நாள் நாடாவைப் பிரிக்கக் கத்தரிக்கோல் எடுத்துட்டேன். எலுமிச்சம்பழம், உப்பு, எல்லாம் ரெடி. எத்தனை நிமிஷம்னு மட்டும் தெரிஞ்சுக்கப் போன்ல தேடினேன். ஈரத்துணின்னு யாரோ ஒருத்தி. பேரைப் பாருங்களேன்! நான் எழுதினது தப்பு, செஞ்சு ஓட்டை விழுந்துடுச்சுன்னு அவளே எழுதி வெச்சிருக்கா. எல்லாரும் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு எழுதுற எடத்துல ஒருத்தி இப்படி எழுதுவாளா? அவளை நம்பிக் கத்தரிக்கோலைக் கீழ வெச்சேன்."

இவர் இஸ்திரி மேஜைமேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"நல்லவளாத்தான் இருக்கணும்" என்றேன்.

"மகராசி, எங்க இருக்காளோ" என்றார்.

ரசீதில் அவர் பெயரை இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்தேன்.