ஏழுமலை அண்ணனின் வரப்பு நடுகல்

ஜூலை 12, வெள்ளி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரலாற்றுக் கழகத்தில் நான் பேசுவதாக இருந்தது. அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஏழுமலை அண்ணனின் வயல் வரப்பில் நிற்கும் நடுகல்தான் தலைப்பு. அழைப்பிதழில் கல்லின் படத்தோடு அவர் பெயரையும் ஊரையும் போட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் போட்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியம் அவரே போன் செய்தார்.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்டீங்க? பழைய கல்லு கீதுன்னா கவர்மென்ட்டு நெலத்த வளைச்சிக்குமாமே. நெலத்த வாங்க வந்தவன் வாட்ஸ்அப்புல உங்க நோட்டீஸ பாத்துட்டு இந்த பேஜாரே வேணான்னு பூட்டான். பொண்ணு கல்யாணத்துக்கு நான் எங்க போவேன்?"

அப்படியெல்லாம் எடுக்க மாட்டார்கள் என்றேன். எனக்கே அது உறுதியாகத் தெரியாது. பேச்சை நிறுத்திவிடுகிறேன், கல்லை மட்டும் ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

வேறு தலைப்புப் போட்டுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் புது அழைப்பிதழ் அனுப்பினேன். அதைச் சொல்ல ஆறு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். அவருக்குப் பின்னால் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, தலைப்ப மாத்திட்டேன். கல்லு அங்கயே இருக்கட்டும்."

"எந்தக் கல்லும்மா?" என்றார்.