டிரைவர் சாரின் கொழுப்பு

மார்ச் 4

அன்புள்ள ராட்டினத்துக்கு,

ஓரிடத்தில் நிற்காத உனக்கு நான் வைத்த பெயர். பிரிந்து நான்கு வருடம் ஆன பிறகு அப்படிக் கூப்பிடலாமா, தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன்.

எனக்குக் காசநோய். தனி வார்டில் இது ஒன்பதாவது நாள். போனில் நாலு வார்த்தை பேசினால் இருமல் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் கடிதம். ஆராய்ச்சிதான் முக்கியம் என்று நீ கிளம்பிய அன்று, "போ, அந்தக் கிருமியையே கட்டிக்கிட்டு அழு" என்று கத்தினேன். இப்போது அது என்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு சந்தேகம். தினம் மூன்று முட்டை சாப்பிடுகிறேன். ஆனாலும் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. உள்ளே யார் சாப்பிடுகிறார்கள்?

உன் (இன்னும் அப்படித்தானே?)
பஸ் டிரைவர்

---

மார்ச் 11

அன்புள்ள டிரைவர் சார்,

கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வகத்துக் கழிப்பறையில் நின்று அழுதேன். வெளியே வந்து, கண்ணில் மருந்து பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன்.

நீங்கள் இளைப்பது காய்ச்சலாலும் பசி செத்துப்போனதாலும். கிருமி தின்பது வேறு கதை. அதைக் கொல்ல வரும் ரத்த வெள்ளணு அதை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டது சாகாமல் உள்ளேயே குடித்தனம் வைக்கும். அந்த அணுவையே கொழுப்பைத் துளித்துளியாகச் சேர்க்க வைத்து, உட்கார்ந்து தின்னும். கொலஸ்டிராலைக்கூட விடாது. உங்களிடம்தான் கொழுப்புக்குக் குறைவே இல்லையே!

கொலஸ்டிராலை அது உள்ளிழுக்கும் வழியை அடைக்க முடியுமா என்றுதான் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். அதுவரை மாத்திரைதான் கதி. ஆறு மாதம். ஒரு நாள்கூட விடக்கூடாது.

உங்கள் (ஆமாம், அப்படித்தான்)
ராட்டினம்

---

மே 6

அன்புள்ள ராட்டினத்துக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இருமல் இல்லை. ஐந்து கிலோ ஏறியிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. மாத்திரையை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது. விழுங்கினால் ஒரே குமட்டல். நர்ஸ் போனில் கேட்டால், "போட்டாச்சு சிஸ்டர்" என்றுவிடுவேன். நன்றாகத்தானே இருக்கிறேன்?

பஸ் டிரைவர்

---

மே 9

என்னங்க,

ஆய்வகத்தில் நின்றபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக இருப்பது நீங்கள் மட்டுமல்ல. மருந்துக்குத் தப்பிய சில கிருமிகள், கொழுப்புக்குள் அசையாமல் கிடக்கும். நான் தினமும் கண்ணால் பார்ப்பது அதைத்தான். இடையில் விட்டால் அவை திரும்ப எழும்பும். அப்போது இதே மாத்திரை கேட்காமலும் போகலாம்.

இதைப் படித்த கையோடு மருத்துவமனைக்குப் போங்கள். நர்ஸிடம் பொய் சொன்னதையும் சொல்லிவிடுங்கள். வியாழக்கிழமை நான் வருகிறேன். வேண்டாம் என்று எழுத உங்களுக்கு நேரமில்லை.

ராட்டினம்

---

நவம்பர் 14, சாப்பாட்டு மேஜை

அன்புள்ள ராட்டினத்துக்கு,

நீ தூங்குகிறாய். எனக்குக் காலை டூட்டி. முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராததால் எழுதி வைக்கிறேன்.

கிருமி இன்னும் இதே மாத்திரைக்குக் கேட்கும் என்று, நீ வந்த பிறகு டாக்டர் சொன்னபோது, என்னைவிட நீதான் பலமாக மூச்சு விட்டாய். அதிலிருந்து ஆறு மாதம், முதல் ரயிலில் ஆய்வகம் போய், கடைசி ரயிலில் திரும்பி, நான் விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாய். வாயைத் திறந்து காட்டச் சொன்னாய். காட்டினேன்.

நேற்றோடு மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை. சாயங்காலம் நீ உன் துணிப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாய். பார்த்தேன்.

உன்னை நிறுத்திவைக்க இனி என்னிடம் நோய் இல்லை. அதனால் வெறுமனே கேட்கிறேன்: இரு.

பெட்டியைப் பரண் மேல் போட்டுவிட்டேன். உனக்கு எட்டாது. எப்படியும் நான் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு வந்துவிடுவேன்.

உன்
பஸ் டிரைவர்